இந்தக் காலத்தில் செடான் வாங்கலாமா? வீட்டில் எல்லாரும் எஸ்.யு.வி. என்கிறார்கள்

கரூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஓரிடத்தில் வேலை பார்க்கிறேன். அவ்வப்போது சாம்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருச்சி, பெரம்பலூர், விழுப்புரம் வழியாகச் சென்னை போய்வர வேண்டும். வீட்டில் மனைவி, ஏழாவது படிக்கும் மகள், 74 வயது அப்பா. இப்போதிருக்கும் பெட்ரோல் செடானுக்கு (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்) வயதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும். ஆன்ரோடு 16 லட்சம் வரை போகலாம்.

மறுபடியும் செடானே வாங்க எனக்கு ஆசை. நெடுஞ்சாலையில் அது ஓடுகிற விதம் பிடிக்கும். பின்சீட்டில் மகள் அசந்து தூங்குவாள். டிக்கியில் பெட்டிகளை வைத்துப் பூட்டிவிட்டால் கண்ணாடி வழியாக யாருக்கும் தெரியாது. ஆனால் சொன்ன இடத்திலெல்லாம் ஒரே பதில்: "இப்போ யாருங்க செடான் வாங்குறாங்க?" ஷோரூமிலும் செடான் வேண்டும் என்று கேட்டால் உயரமான எஸ்.யு.வி. பக்கம்தான் கூட்டிப்போகிறார்கள், டெஸ்ட் டிரைவுக்கு செடான் அங்கே இல்லவே இல்லை. மச்சான் ஒருபடி மேலே போய், பத்து வருடம் கழித்து உதிரிபாகம் கிடைக்காது, விற்கப் போனால் பாதி விலைகூடத் தேறாது என்கிறார்.

அப்பாவுக்கு முட்டிவலி. அது எனக்கும் யோசனையாக இருக்கிறது.

பத்துப் பதினைந்து வருடம் முன்பு செடான் வாங்குவது என்றால் வீட்டில் ஒரு பெருமை. அது எப்படி இவ்வளவு சீக்கிரம் மாறியது? என் மாதிரி ஓட்டத்துக்கு இப்போது செடான் எடுப்பது தப்பா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வேளச்சேரி அனு எழுதியது:

அண்ணா, நான் எட்டு வருடம் செடான் ஓட்டிவிட்டுப் போன வருடம் எஸ்.யு.வி.க்கு மாறியவள். ஏன் மாறினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் மழை என்றாலே கார்தான் முதல் கவலை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியதை டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்த வரிசையில் என் காரும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற வண்டிகளின் கதியைப் பார்த்தவர்கள் நாங்கள். எஸ்.யு.வி. வைத்திருந்தால் வெள்ளத்தில் நீந்தலாம் என்று சொல்லவில்லை. சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் எந்தக் காரையும் எடுக்கக் கூடாது. ஆனால் முக்கால் அடித் தண்ணீரில் தெருமுனை வரை போகவேண்டிய நாட்கள் இங்கே நிறைய. அப்போது உயரம் நிம்மதி தருகிறது.

இன்னொன்று, எனக்கு உயரம் குறைவு. செடானில் உட்கார்ந்தால் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் யார் பிரேக் போடுகிறார்கள் என்றே தெரியாது. ராத்திரியில் பின்னால் வரும் உயரமான வண்டியின் வெள்ளை விளக்கு நேராகக் கண்ணாடியில் விழும். சுற்றி ஓடும் வண்டிகள் எல்லாம் உயரமாகிவிட்ட பிறகு தாழ உட்கார்ந்து ஓட்டுவது எனக்குப் பயமாகிவிட்டது. இதை ஒரு நியாயமான காரணமாகத்தான் பார்க்கிறேன்.

ஆனால் நீங்கள் கரூர். உங்கள் ஓட்டம் வேறு. அதனால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

பெருந்துறை மெக்கானிக் எழுதியது:

தம்பி, மாருதியின் எஸ்டீம் செடான் புதிதாக வந்த 1990களின் நடுவில் கோவையில் வேலை கற்றுக்கொண்டவன் நான். இப்போது பெருந்துறையில் சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் மைத்துனர் செகண்ட்ஸ் கார் வாங்கி விற்கிறார். அதனால் வண்டியின் அடிப்பக்கமும் தெரியும், விலைப்பக்கமும் தெரியும். நீங்கள் கேட்டது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், செடான் மோசமான வண்டி என்பதால் மக்கள் அதைக் கைவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நடந்தது வேறு.

2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நிபந்தனை என்னவென்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு கோடு நம் நாட்டுக் கார்களின் உருவத்தையே மாற்றிவிட்டது. இஞ்சினுக்கு ஓரிடம், ஆட்களுக்கு ஓரிடம், டிக்கிக்கு ஓரிடம் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால்தான் செடான். அதற்கு நீளம் வேண்டும். 4 மீட்டருக்குள் அடக்கு என்றால் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். 2008இல் டாடா இண்டிகோ சி.எஸ். முதலில் அப்படி வந்தது. மாருதி டிசையர் வந்தபோது 4160 மி.மீ. இருந்தது, 2012இல் டிக்கியை நறுக்கி 3995 ஆக்கினார்கள். பிறகு அமேஸ், எக்ஸ்சென்ட், செஸ்ட், ஆஸ்பயர் எல்லாம் அதே வழி. ஆனால் உயரத்துக்கு வரம்பு இல்லை பாருங்கள். அதே 4 மீட்டரில் வண்டியை மேல்நோக்கி வளர்த்தால் உள்ளே தாராளமாகத் தெரியும், வெளியே கம்பீரமாகத் தெரியும். எக்கோஸ்போர்ட், பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட், பஞ்ச் எல்லாம் அந்தக் கணக்கில் பிறந்தவை. ஃபிராங்ஸ் பலேனோவின் அடித்தளத்தில் வந்தது, எக்ஸ்டர் ஐ10 நியாஸ் அடித்தளத்தில் வந்தது. லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்த வரிக்கோடு இன்னும் இருக்கிறது, இன்னும் ஆழமாகியிருக்கிறது. ஜி.எஸ்.டி.க்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்த காலத்தில் 4 மீட்டருக்குள் உள்ள சிறிய பெட்ரோல் காருக்கு மொத்தம் 29 சதவீதம், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா அளவு செடானுக்கு 45 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறியதற்கு 18, நீளமானதற்கு 40. இரண்டுமே குறைந்தன, ஆனால் நடுவில் இருந்த இடைவெளி 16இலிருந்து 22 ஆகிவிட்டது. 1500 சி.சி.க்குள் உள்ள எஸ்.யு.வி.யான கிரெட்டாவுக்கும் சிட்டிக்கும் முன்பும் ஒரே வரிதான், இப்போதும் ஒரே வரிதான். அதனால் செடானை வரியில் அடித்தது பெரிய எஸ்.யு.வி. இல்லை. கீழே உள்ள சின்ன உயரக் கார்கள்தான் அதன் வாடிக்கையாளர்களை இழுத்தன.

அடுத்தது டீசல். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் நடுத்தர செடான் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொழில் செய்பவர்கள், நிறைய ஓட்டுபவர்கள். வெர்னா டீசல், சியாஸ் டீசல், வென்டோ டீசல், சிட்டி டீசல் என்று என் ஷெட்டில் நின்றவை எத்தனையோ. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டது, வென்டோ, ரேபிட் டீசலும் நின்றன. 2023இல் சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதி வந்தது, சிட்டி டீசலும் வெர்னா டீசலும் போய்விட்டன. இன்று நடுத்தர செடானில் டீசல் என்று ஒன்றுமே கிடையாது. ஆனால் கிரெட்டா, செல்டோஸ், நெக்ஸான், சோனெட் இவற்றில் டீசல் இருக்கிறது. நிறைய ஓட்டுபவர் டீசல் கேட்டால் எந்தப் பக்கம் போவார்? செடானை விட்டு ஓடியவர்களில் பாதிப் பேர் டீசலைத் துரத்திக்கொண்டு போனவர்கள் என்பது என் கணிப்பு.

வாடகை வண்டி விஷயமும் உண்டு. எட்டியோஸும் டிசையரும் கால் டாக்ஸியாக ஊரெங்கும் ஓடியதால், சொந்தத்துக்கு வெள்ளை செடான் எடுத்தால் "வாடகைக்கு விடுறீங்களா?" என்று கேட்கிறார்கள். மனதைக் கெடுக்கும் கேள்விதான். வண்டியின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், நாள் முழுக்க ஓட்டிப் பிழைப்பவர்கள் தேடித்தேடி எடுத்த வண்டி அது.

இதெல்லாம் சேர்ந்துதான் இன்றைய நிலை. கார் தயாரிப்பாளர் சங்கமான சியாம் கணக்கில் 2024-25இல் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் 65 சதவீதம் எஸ்.யு.வி., எம்.பி.வி. (பெரிய குடும்பத்துக்கான வண்டி) வகை. கரோல்லா, சிவிக், எலான்ட்ரா, ஆக்டேவியா, யாரிஸ் எல்லாம் இங்கே கடையைக் கட்டிவிட்டன. சியாஸும் 2025இல் நின்றது. நடுத்தரத்தில் மிச்சம் சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா நான்குதான்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்க்க ஃபோக்ஸ்வாகனின் விர்டஸ் செடானும் டைகூன் எஸ்.யு.வி.யும் நல்ல ஜோடி. ஒரே நிறுவனம், ஒரே அடித்தளம், ஒரே 1 லிட்டர் டர்போ இஞ்சின், சக்கரங்களுக்கு இடையே அதே 2651 மி.மீ. விர்டஸ் டிக்கி 521 லிட்டர், டைகூன் டிக்கி 385 லிட்டர். சாம்பிள் பெட்டி ஏற்றுகிற உங்களுக்கு இந்த வித்தியாசம் ஒவ்வொரு பயணத்திலும் தெரியும். இரண்டுமே குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை, வெர்னாவும் அப்படியே. ஆகவே உயரமாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று மச்சான் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விழுப்புரம் நெடுஞ்சாலையில் நீங்கள் உணர்கிற அந்த ஓட்டத்துக்கும் காரணம் உண்டு. செடானின் எடை தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. லேனை மாற்றும்போதும், குறுக்கே நாய் ஓடி ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதும் உடம்பு சாயாமல் வண்டி அடங்கி நிற்கும். வேகம் 80இலிருந்து 100க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. முகம் சிறிய வண்டிக்கு அந்தச் சுமை குறைவு. சஸ்பென்ஷனையும் இறுக்கிவைக்கத் தேவையில்லை. உயரமான வண்டி சாயக்கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், அந்த இறுக்கம் பின்சீட்டில் இருப்பவர் இடுப்பில் இறங்கும். உங்கள் மகள் அசந்து தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அப்பாவின் முட்டி விஷயத்தில், உயரம் நிம்மதி என்று சொன்ன அனு அம்மா பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். செடானில் இறங்கி உட்கார வேண்டும், எழும்போது முட்டிதான் முழு பாரத்தையும் தாங்கும். அதற்காக மிக உயரமான வண்டி நல்லது என்றும் இல்லை, அதில் காலைத் தூக்கி வைத்து ஏறவேண்டும். நின்றவாக்கில் பின்னால் சாய்ந்தால் சீட் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து தாங்குகிற உயரம்தான் முட்டிவலிக்காரருக்கு இதமானது. இதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது. அப்பாவை ஷோரூமுக்கே கூட்டிப்போய் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் நாலைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முன்சீட்டை உயர்த்தும் வசதி இருந்தால் அதை உயர்த்தி வைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். அவர் முகம் சுளித்தால், தம்பி, அதற்கு மேல் யோசிக்காமல் செடானை விட்டுவிடுங்கள்.

விலை பற்றி மச்சான் சொன்னதில் பாதி உண்மை. மைத்துனர் கடையில் ஒரே வருட கிரெட்டாவும் செடானும் நின்றால் கிரெட்டாவைத்தான் முதலில் கேட்கிறார்கள். மூன்று வருடத்தில் மாற்றுகிற ஆள் என்றால் செடான் நஷ்டம்தான். பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு எந்தக் காராக இருந்தாலும் கடைசியில் வருகிற தொகை சிறியதுதான், அதில் உள்ள வித்தியாசமும் சிறியது.

---

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

உதிரிபாகம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டை பக்கம் கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை.

இப்போதெல்லாம் செடானுக்கென்று தனி இஞ்சின் யாரும் செய்வதில்லை. வெர்னாவின் 1.5 லிட்டர் இஞ்சின்கள் கிரெட்டாவிலும் செல்டோஸிலும் இருக்கின்றன. சிட்டியின் 1.5 பெட்ரோல் ஹோண்டாவின் எஸ்.யு.வி.யான எலிவேட்டில் இருக்கிறது. விர்டஸ் பற்றி அண்ணன் மேலே சொல்லிவிட்டார், ஸ்லாவியாவும் அப்படித்தான். அதனால் இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் போன்றவை அந்த எஸ்.யு.வி.கள் ஓடும்வரை வந்துகொண்டே இருக்கும். செடானுக்கு மட்டுமே உரியவை டிக்கிக் கதவு, பின் பம்பர், பின் விளக்கு, பின் கண்ணாடி இவைதான். மாடல் நின்ற பிறகு யாராவது பின்னால் இடித்தால் அவற்றுக்குக் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டிவரலாம்.

இன்னொரு விஷயம், எங்கள் பக்கத்து ஆட்கள் தெரிந்திருக்க வேண்டியது. 1998-99இல் லான்சர் திருவள்ளூரிலும், ஃபோர்டு ஐகான் மறைமலை நகரிலும், அக்சென்ட் இங்கே இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடத் தொடங்கின. செடான் பெருமையாக இருந்த காலத்தின் பாதி வண்டிகள் சென்னையைச் சுற்றித்தான் பிறந்தன. அதே பகுதியிலிருந்துதான் எஸ்.யு.வி.களான, 2012இல் ஒரகடத்தில் டஸ்டரும், 2013இல் மறைமலை நகரில் எக்கோஸ்போர்ட்டும், 2015இல் கிரெட்டாவும் வெளியே வந்தன. வெர்னா இன்னும் இங்கேதான் உருவாகிறது. எண்ணிக்கை குறைந்தாலும் லைன் நிற்கவில்லை.

---

மதுரை டிராவல்ஸ் எழுதியது:

டிசையரைப் பற்றி ஒரு வார்த்தை. செடான் செத்துவிட்டது என்பவர்கள் மாத விற்பனைப் பட்டியலைப் பார்க்கட்டும், டிசையர் இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த புது மாடல் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம், மாருதியில் அதுதான் முதல். 18 சதவீத வரி என்பதால் உங்கள் பட்ஜெட்டில் நிறைய மிச்சமாகும். டிக்கி 382 லிட்டர். சி.என்.ஜி. எடுத்தால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும், சாம்பிள் பெட்டிக்கு இடம் போய்விடும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே.

---

கரூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. டீசல் விஷயத்தை நான் இப்படி யோசித்ததே இல்லை. எங்கள் கம்பெனியில் செடானிலிருந்து மாறிய மூன்று பேரும் டீசல்காரர்கள்தான், இப்போதுதான் உறைக்கிறது.

அனு அம்மா சொன்ன ராத்திரி விளக்குத் தொந்தரவு எனக்கும் உண்டு. பெரம்பலூர் தாண்டினால் உள்கண்ணாடியைத் திருப்பிவைத்துத்தான் ஓட்டுகிறேன். தானாக மங்கும் கண்ணாடி உள்ள மாடலாகப் பார்க்கப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துப்போய் விர்டஸ், வெர்னா, டைகூன் மூன்றிலும் ஏறி இறங்கச் சொல்கிறேன். பெருந்துறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்கள் தெருவுக்குள் வரும் வழியில் இரண்டு வேகத்தடைகள் இருக்கின்றன, இப்போதைய கார் நாலு பேர் உட்கார்ந்தால் அடி தட்டும். செடான் எடுத்துவிட்டு ஸ்பிரிங்கில் ஸ்பேசர் போட்டு உயர்த்திக்கொள்ளலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

---

பெருந்துறை மெக்கானிக் எழுதியது:

செய்யாதீர்கள் தம்பி. ஸ்பிரிங்கில் ரப்பரோ ஸ்பேசரோ வைத்துத் தூக்கினால் சக்கரம் நிற்கும் கோணம் மாறும், டயர் ஒருபக்கமாகத் தேயும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் சீக்கிரம் போகும். புது வண்டிக்கு வாரன்டியிலும் தகராறு வரும். நெடுஞ்சாலைக்காக வாங்குகிற வண்டியின் அடக்கத்தையே கெடுத்துக்கொள்வீர்கள்.

தடையைப் பாருங்கள் முதலில். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் எந்த செடானும் தட்டாது. தெருவில் ஆட்களே கொட்டிய குறுகலான மேடுதான் வயிற்றில் இடிக்கும். உங்கள் தெருவில் இருப்பது அந்த வகை என்றால் வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் எழுதிக் கொடுங்கள். கொடுத்துச் சரிசெய்த தெருக்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

அடுத்து, பழைய வண்டியை வைத்துப் புது வண்டியை எடைபோடாதீர்கள். வயதான வண்டியில் பின் ஸ்பிரிங் தொய்ந்து ஷாக் அப்சார்பரும் செத்திருக்கும், ஆள் ஏறினதும் உட்கார்ந்துவிடும். ஸ்லாவியா, விர்டஸ் இரண்டுக்கும் ஆள் ஏறாதபோது தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே 179 மி.மீ. இருக்கிறது, டைகூன் வகைக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாமல் வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, டிக்கியில் சாம்பிள் பெட்டிகளையும் வைத்து, உங்கள் தெருவுக்கே ஓட்டி வாருங்கள். ஷோரூமில் மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள். மேட்டில் ஏறும்போது நேராக ஏறாமல் லேசாகச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிப் பாருங்கள். அப்படியும் தட்டினால் டைகூன் எடுங்கள், தட்டாவிட்டால் விர்டஸ்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.